இளவரசருக்கு அணிவகுக்க மறுத்த பட்டாளம்

நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயருக்கு வரும் நம்மூர்க்காரர்கள் யாரும் அந்தச் சிவப்புப் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தபோது, ஒரு நவம்பர் சனிக்கிழமை நானும் கூட்டிப் போனேன். ஸ்வெட்டர், அதற்கு மேல் என் ஜெர்கின், தலையில் மப்ளர் என்று உட்கார்ந்திருந்தவள், மினுங்குகிற விளம்பரப் பலகைகளை அரை நிமிஷம் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். கீழே நின்ற சிலை மேல்தான் அவள் கண். இறங்கி முன்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். பின்னால் பெரிய கல் சிலுவை, அதற்கு முன்னால் பட்டாள உடுப்பில், கையில் சின்ன வேதப் புத்தகத்தோடு ஒரு மனிதர்.

"எய்யா, இவரு சாமியாரா, பட்டாளத்துக்காரரா?"

பல வருடமாக அந்தச் சிலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பீடத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். பிரான்சிஸ் டஃபி, பாதிரியார், 69வது ரெஜிமென்ட். "ரெண்டும்தாம்மா." அம்மா விடவில்லை. "சாமியாருக்குப் பட்டாளத்துல என்ன சோலி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், அடுத்த ஐந்து மாதம் இந்த ஒரு பட்டாளத்தின் கதையைத்தான் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். படித்ததை அவ்வப்போது அம்மாவுக்குச் சொல்லவும் சொன்னேன். இதை எழுதுவதற்குக் காரணம் அவர்கள் ஜெயித்த போர் எதுவும் இல்லை. 1860 அக்டோபர் 11ஆம் தேதி அவர்கள் செய்யாமல் விட்ட ஒரு காரியம்தான்.

முதலில் பஞ்சம். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. ஏழைக் குத்தகைக்காரனுக்குக் காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். செடி கறுத்து, தோண்டினால் கிழங்கு குழகுழவென்று நாறியது. ஆறேழு வருடத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். நாட்டில் தானியமே இல்லாமல் வந்த சாவு இல்லை இது. பஞ்சம் நடந்துகொண்டிருந்த வருடங்களிலேயே அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

இதைச் சொன்னபோது அம்மா, "தாது வருசப் பஞ்சம் மாதிரிதான்" என்றாள். எங்கள் ஆச்சிக்கு அவள் ஆச்சி சொன்ன கதை அது. 1876ல் தொடங்கி மெட்ராஸ் மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம், அப்போதும் ரயிலேறித் துறைமுகத்துக்குத் தானியம் போனது. இரண்டு பஞ்சத்துக்கும் நடுவில் ஒரு மனிதரும் இருக்கிறார். லண்டனில் நிதித்துறை நாற்காலியில் இருந்துகொண்டு அயர்லாந்தின் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் டிரெவெல்யன். ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சபித்துத்தான் சொல்கிறார்கள். அதே டிரெவெல்யன் 1859ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் வந்ததுதான். புது வரிகளை எதிர்த்ததற்காக ஒரே வருடத்தில் திரும்ப அழைக்கப்பட்டார், அதனால் நம் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நல்ல பெயர்கூட உண்டு. ஒரே ஆள்தான், ஆனால் ஒரு கரையில் சாபம், இன்னொரு கரையில் பூங்கா. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, நியூயார்க்குக்கு வருவோம். 1850களில் அந்த ஊரில் நாலில் ஒருத்தர் அயர்லாந்தில் பிறந்தவர். மூட்டை தூக்குவது, கால்வாய் வெட்டுவது, வீட்டு வேலை, சாராயக்கடை என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று போட்டே வேலை விளம்பரங்கள் வந்த காலம் அது. போப்பாண்டவருக்குத்தான் இவர்கள் விசுவாசம், அமெரிக்காவுக்கு இல்லை என்று சொல்லியே ஒரு கட்சி தேர்தலில் ஜெயித்தது. பக்கத்து மாசசூசெட்ஸில் அந்தக் கட்சியின் கவர்னர் 1855ல் ஐரிஷ் மிலிஷியா கம்பெனிகளையே கலைத்துவிட்டார்.

மிலிஷியா என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அமெரிக்க மத்திய அரசின் நிரந்தர ராணுவம் மிகவும் சின்னது, மொத்தமே சுமார் 16,000 பேர், அவர்களும் பெரும்பாலும் மேற்கு எல்லைக் கோட்டைகளில். மற்றபடி ஒவ்வொரு மாநிலத்துக்கும் கவர்னருக்குக் கீழே ஒரு மிலிஷியா. நம் ஊர்க்காவல் படையை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் கையில் துப்பாக்கியோடு. பகலில் தச்சர், கொத்தனார், மளிகைக்கடைக்காரர். சாயங்காலம் சந்தைக் கட்டிடத்தின் மாடியில் கூடி டிரில். அதிகாரிகளைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1851ல் நியூயார்க் மாநில மிலிஷியாவில் 69வது ரெஜிமென்ட் என்ற எண்ணோடு சேர்க்கப்பட்டது இந்த ஐரிஷ் பட்டாளம். வந்தவன் போனவன் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, மாநிலம் கொடுத்த ஒரு எண், ஒரு கொடி, வீதியில் நடக்க ஒரு உரிமை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புலம்பெயர்ந்து வந்து முதல் தடவையாக ஒரு அடையாள அட்டையைக் கையில் வாங்கிய எவருக்கும் தெரியும்.

மைக்கேல் கோர்கோரன் இந்தப் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். ஸ்லைகோ மாவட்டத்துக்காரர், 1827ல் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசின் காவல் வேலையில் இருந்தார். பகலில் அரசாங்கச் சம்பளம், இரவில் அதே அரசாங்கத்தை எதிர்த்த ரகசியச் சங்கம் என்று சில காலம் ஓட்டிவிட்டு, 1849ல் வேலையை விட்டுக் கப்பலேறினார். நியூயார்க்கில் ஒரு சாராயக்கடையில் கணக்குப் பார்த்தார். மிலிஷியாவில் படிப்படியாக ஏறி 1859ல் கர்னல்.

அடுத்த வருடம் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் அமெரிக்காவுக்கு வந்தார். வயது 18. விக்டோரியா ராணியின் மூத்த மகன், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ராஜா. நியூயார்க்கே அலங்காரத்தில் மிதந்தது. அக்டோபர் 11 அன்று இளவரசருக்கு மரியாதையாக நகரத்து மிலிஷியா ரெஜிமென்ட்டுகள் எல்லாம் பிராட்வேயில் அணிவகுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 69வதுக்கும் வந்தது.

கோர்கோரன் முடியாது என்றார். அயர்லாந்தைப் பாலைவனமாக்கி அதன் பிள்ளைகளை நாடுகடத்திய அரசின் வாரிசுக்கு மரியாதை செய்யும்படி, அந்தப் பிள்ளைகளுக்கே நான் உத்தரவு போட மாட்டேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அன்றைக்குப் பிராட்வேயில் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் நடந்தார்கள். 69வது வரவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று புரியும். இவர்கள் விசுவாசமில்லாதவர்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, பக்கத்து மாநிலத்தில் இதே ஜனங்களின் கம்பெனிகளைக் கலைத்து ஐந்து வருடம்தான் ஆகிறது. தலையைக் குனிந்து ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிதாக வந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று நம் வீடுகளில் எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள், எனக்கும் சொன்னார்கள். அவர்கள் அதைச் செய்யவில்லை. பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. பட்டாளத்தையே கலை என்று குரல் எழுந்தது. கோர்கோரன் பதவி நிறுத்தப்பட்டு ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஐரிஷ் மக்கள் பணம் திரட்டி, 1860 அக்டோபர் 11ஐ நினைவுகூர்ந்து என்ற வாசகத்தோடு ஒரு பச்சைப் பட்டுக்கொடி நெய்து பட்டாளத்துக்குக் கொடுத்தார்கள். போர்க்கொடிகளில் பொதுவாகச் சண்டையிட்ட இடங்களின் பெயர்தான் இருக்கும். அணிவகுப்புக்குப் போகாத ஒரு தேதியைத் தாங்கிய போர்க்கொடி வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

(அதே இளவரசர் 1875 டிசம்பரில் தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி வழியாக மெட்ராஸ் போய், அங்கே துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். தூத்துக்குடி அம்மா பிறந்த ஊர். மறு வருடம் தாது வருடம்.)

விசாரணை முடிவதற்குள், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. 1861 ஏப்ரல் 12ல் சம்டர் கோட்டை மேல் குண்டு விழுந்தது. லிங்கன் மாநிலங்களிடம் மூன்று மாதத்துக்கு 75,000 மிலிஷியா வீரர்களைக் கேட்டார். நேற்றுவரை குற்றவாளிக் கூண்டில் நின்ற கர்னல் இன்றைக்கு வேண்டியவராகிவிட்டார். வழக்கு தள்ளுபடி. ஏப்ரல் 23ஆம் தேதி 69வது அதே பிராட்வே வழியாக நடந்து போருக்குப் போனது, இந்தத் தடவை தெரு முழுக்க அவர்களுடைய ஜனங்கள். எதற்குப் போனார்கள் என்பதற்கு ஒரே பதில் இல்லை. அடைக்கலம் தந்த நாடு உடையக் கூடாது என்று சிலர், இங்கே துப்பாக்கி பிடிக்கப் பழகி அப்புறம் அயர்லாந்தை மீட்கலாம் என்று சிலர் (கோர்கோரனே அந்த எண்ணத்தில் இருந்த ஃபீனியன் சங்கத்தில் முக்கியமான ஆள்), சம்பளத்துக்காகச் சிலர். எல்லோருக்கும் பொதுவாக, இனிமேல் எங்களை யாரும் வெளியாள் என்று சொல்லக்கூடாது என்ற ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் ஆர்லிங்டன் மேட்டில் மண்வெட்டியால் ஒரு கோட்டை கட்டினார்கள். கால்வாய் வெட்டிப் பழகிய கைகள், வேலை வேகமாக முடிந்தது. அதற்குக் கோர்கோரன் கோட்டை என்றே பெயர் வந்தது. ஜூலை 21ல் புல் ரன் சண்டை. அவர்களுடைய பிரிகேடுக்குத் தலைவர் அப்போது கர்னலாக இருந்த ஷெர்மன். ஒரு ரெஜிமென்ட் போய் அடிவாங்கித் திரும்ப, அடுத்தது என்று ஒவ்வொன்றாகக் குன்றின் மேல் அனுப்பினார். ஜூலை வெயிலுக்கு மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு 69வது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று 190 பேருக்கு மேல் இழப்பு. கோர்கோரன் பிடிபட்டார்.

மூன்று மாதக் கெடு முடிந்த நேரத்தில் நடந்த ஒன்றை ஷெர்மனே எழுதி வைத்திருக்கிறார். 69வதின் கேப்டன் ஒருவர் என் தவணை முடிந்தது, ஊருக்குப் போகிறேன் என்று கிளம்ப, போனால் சுட்டுவிடுவேன் என்று ஷெர்மன் மிரட்டினார். அன்றே லிங்கன் முகாமைப் பார்க்க வந்தார். கேப்டன் வண்டிக்குப் பக்கத்தில் போய், இவர் என்னைச் சுடுவேன் என்கிறார் என்று முறையிட்டார். லிங்கன் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாக, நான் உன் இடத்தில் இருந்தால் அவர் செய்யமாட்டார் என்று நம்பமாட்டேன், செய்துவிடுவார் போலத்தான் தெரிகிறது என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கோர்கோரன் பதிமூன்று மாதம் தெற்கத்திச் சிறைகளில் கிடந்தார். இனி உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டார். வடக்கில் பிடிபட்ட தெற்கத்திக் கடலோடிகளைத் தூக்கிலிட்டால் பதிலுக்குத் தூக்கிலிட என்று ஒதுக்கி வைத்த பிணையாளிகளில் அவர் பெயரும் சீட்டுக் குலுக்கலில் வந்தது. 1862 ஆகஸ்டில் பரிமாற்றத்தில் வெளியே வந்து, புதிதாக ஒரு ஐரிஷ் படை திரட்டினார். அடுத்த வருடம் டிசம்பரில், சண்டையில் இல்லை, குதிரையிலிருந்து விழுந்து 36 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தக் குதிரை அவருடைய நண்பர் தாமஸ் பிரான்சிஸ் மேயருடையது.

மேயர் (பெயர்தான், பதவி இல்லை) தனிக் கட்டுரைக்கு உரிய ஆள். வாட்டர்ஃபோர்டு ஊர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளை. இன்றைய அயர்லாந்தின் பச்சை-வெள்ளை-ஆரஞ்சுக் கொடியை 1848 மார்ச்சில் முதன்முதலாகப் பறக்கவிட்டவர். அந்த வருடக் கலகத்துக்காகத் தூக்குத் தண்டனை, பிறகு அது குறைந்து டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தல், அங்கிருந்து தப்பி 1852ல் நியூயார்க். 69வதில் கேப்டனாக புல் ரன்னில் நின்றவர், மிலிஷியா தவணை முடிந்து திரும்பியதும் அந்தச் சிப்பாய்களையே மையமாக வைத்து மூன்று வருடத் தவணைக்கு ஐரிஷ் பிரிகேடு என்று ஒன்றை எழுப்பினார். அதில் முதல் ரெஜிமென்ட் மறுபடியும் 69வது, இந்தத் தடவை நியூயார்க் தொண்டர் படை என்ற பெயரில். மாநில மிலிஷியா 69வது தனியாகவும் இருந்தது. கல்வெட்டுகளிலும் பட்டியல்களிலும் இரண்டும் குழம்பிக் கிடக்கும், ஆட்கள் பெரும்பாலும் ஒரே தெருக்களிலிருந்து போனவர்கள்தான். 1862 செப்டம்பர் 17ல் ஆன்டீட்டம் சண்டையில் பள்ளமான ஒரு வண்டிப்பாதைக்கு எதிரே நின்று 69வது பாதிக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்தது. டிசம்பரில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்குச் சீட்டுக் குலுக்கத் தொடங்கியதும் நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் போருக்குப் போகவேண்டாம் என்று சட்டத்திலேயே இருந்தது. ஒரு கூலிக்காரனுக்கு அது ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம். கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்தது கறுப்பின மக்கள் மேல். நாலு நாள் கலவரத்தில் கறுப்பர்களை விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். ஐந்தாவது அவென்யூவில் இருந்த கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த 233 பிள்ளைகள் பின்வழியாகத் தப்பினார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். தடுக்கப் போன போலீசிலும் பட்டாளத்திலும் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை, ஹென்றி ஓ'பிரையன் என்ற ஐரிஷ் கர்னலை அந்தக் கூட்டமே அடித்துக் கொன்றது என்பதும் உண்மை. ஆனாலும் பஞ்சத்தில் வெந்து வந்தவர்கள் தங்களைவிடக் கீழே தள்ளப்பட்ட இன்னொரு கூட்டத்தைக் கண்டதும் என்ன செய்தார்கள் என்பது மறைகிற விஷயம் இல்லை. இந்தப் பட்டாளத்தின் பெருமையைப் பாடுகிற பலர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த இல்லம் இருந்தது 43வது, 44வது தெருக்களுக்கு நடுவில். இன்றைக்கு ஐரிஷ்காரர்களின் புனித பாட்ரிக் தின ஊர்வலம் புறப்படுவது அதே 44வது தெரு முனையில்.

அம்மா கேட்ட பாதிரியாருக்கு இப்போதுதான் வருகிறேன். மாநில மிலிஷியாக்கள் எல்லாம் இருபதாம் நூற்றாண்டுக்குள் நேஷனல் கார்டு என்று மாறிவிட்டன. 1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, 26 மாநிலங்களின் கார்டு படைகளைக் கலந்து 42வது டிவிஷன் அமைத்தார்கள். வானவில் டிவிஷன் என்று பெயர். நியூயார்க்கிலிருந்து அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 69வது. புது எண் 165 என்று கொடுத்தார்கள், சிப்பாய்கள் கடைசிவரை 69வது என்றுதான் சொன்னார்கள். ஆள் போதாமல் மற்ற ரெஜிமென்ட்டுகளிலிருந்து ஆட்கள் வந்து சேர, யூதர்கள், இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள் என்று கலந்துவிட்டது. டஃபி அவர்களையும் ஐரிஷ்காரர்களாகவே எண்ணினார். பிறப்பால் இல்லாவிட்டால் என்ன, சேர்க்கையால், பழக்கத்தால், நம்பிக்கையால் ஐரிஷ் என்பது அவர் வழக்கு. அவரே அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை, கனடாக்காரர்.

பிரான்சில் 1918 மார்ச் 7ஆம் தேதி ரூஜ் பூக்கே என்ற காட்டில் ஜெர்மன் குண்டு ஒன்று பதுங்குகுழி மேல் விழுந்து, இருபது பேர் போல மண்ணுக்குள் புதைந்துவிட்டார்கள். தோண்டத் தோண்ட மேலே குண்டு விழுந்துகொண்டே இருந்தது, ஈர மண் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு சிலரைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மற்றவர்களுக்கு அந்தக் குழியே கல்லறை என்று விட்டுவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் ஊர்க் ஆற்றங்கரைச் சண்டையில் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பட்டாளம் விழுந்தது. நாடறிந்த கவிஞர், சார்ஜென்ட் ஜாய்ஸ் கில்மர் செத்தது அங்கேதான். டஃபி கையில் ஆயுதம் இல்லை. தூக்குக்கட்டில் தூக்குபவர்களோடு போனார், காயம்பட்டவன் பக்கத்தில் மண்ணில் படுத்து வாயில் காதை வைத்து அவன் பாவ அறிக்கையைக் கேட்டார், செத்தவர்களைப் புதைத்தார், ராத்திரி உட்கார்ந்து அவர்களுடைய அம்மாக்களுக்குக் கடிதம் எழுதினார். சாமியாருக்குப் பட்டாளத்தில் சோலி இதுதான் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடுதாசி எழுதுனாரே, அது போதும்" என்றாள். போருக்குப் பிறகு 42வது தெருவில் புனிதச் சிலுவை கோயிலில் பங்குத் தந்தையாக இருந்து 1932ல் இறந்தார். ஐந்து வருடம் கழித்து அந்தச் சிலை.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடல் தீவுகள்: மேக்கின், சைபான், ஒகினாவா. மேக்கினில் அவர்களுடைய கர்னலே மறைந்திருந்த ஜப்பான்காரன் சுட்டுச் செத்தார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லெக்சிங்டன் அவென்யூவில் 1906ல் கட்டிய அவர்களுடைய ஆயுதக்கூடம். பெரிய செங்கல் கட்டிடம், உள்ளே கப்பலே நிற்கிற அளவுக்குக் கூடம். 1913ல் ஐரோப்பாவின் நவீன ஓவியங்களை அமெரிக்கா முதல்முறை மொத்தமாகப் பார்த்து அதிர்ந்த கண்காட்சி இந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடந்தது. 2001 செப்டம்பர் 11ல் கோபுரங்கள் விழுந்த பிறகு, காணாமல்போனவர்களைத் தேடி வந்த குடும்பங்கள் கூடிய இடமும் இதுதான். தலைசீவிய பிரஷ், பல் டாக்டர் சீட்டு என்று அடையாளத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். வெளிச்சுவர் முழுக்க முகங்கள். அன்றைக்கு முதல் சில மணி நேரத்திலேயே இடிபாட்டுக்குப் போனவர்களில் 69வதின் சிப்பாய்களும் உண்டு, மிலிஷியா என்பதே ஊர்க்காரர்கள் என்பதால். 2004ல் ஈராக் போனார்கள். பாக்தாத் விமான நிலையச் சாலையைக் காக்கும் வேலை. அப்போது பட்டாளத்தில் டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா, சீனா என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும்.

மார்ச் 17, புனித பாட்ரிக் தின ஊர்வலத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 1851லிருந்து ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பது இந்தப் பட்டாளம்தான். காலையில் கதீட்ரலில் பூசை. அப்புறம் தொடக்கத்தில், 69வது தயாரா என்று கேட்பது மரபு, 69வது எப்போதும் தயார் என்று சிப்பாய்கள் கத்துவார்கள். முன்னால் கன்றுக்குட்டி உயரத்துக்கு இரண்டு ஐரிஷ் வேட்டைநாய்கள், அதிகாரிகள் கையில் கறுப்பு முள்மரத் தடி. அம்மா நாயைப் பார்க்கவில்லை. "எல்லாவனும் தொப்பியில என்னமோ தழை சொருவிருக்கான் பாரு" என்றாள். எங்களைத் தாண்டிப் போன வரிசையில், நம் ஊரில் பார்த்தால் நம் ஊர்ப் பையன் என்றே சொல்லக்கூடிய மாநிறத்தில் ஒருத்தன், அவன் தொப்பியிலும் இரண்டு அங்குலத்துக்குப் பச்சைக் கொப்பு.

அந்தக் கொப்பு ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் வந்தது. ஏப்ரலில், அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், காரில் அங்கே போனோம். நியூஜெர்சியிலிருந்து ஐந்து மணி நேரம்.

ஊருக்குப் பின்னால் ஒரு மேடு, மேட்டடியில் நெஞ்சளவு கல்சுவர், சுவருக்குப் பின்னால் பள்ளமான பாதை. 1862 டிசம்பர் 13ல் தெற்கத்திப் படை அந்தப் பாதையில் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தது. பின்வரிசைக்காரன் துப்பாக்கியை நிரப்பி நிரப்பிக் கொடுக்க முன்வரிசைக்காரன் சுட்டால் போதும். எதிரே சில நூறு கஜம் வெட்டவெளி. அதில்தான் வடக்குப் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார்கள். ஐரிஷ் பிரிகேடின் பழைய பச்சைக் கொடிகள் குண்டு துளைத்துக் கந்தலாகிவிட்டதால் நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தார்கள், புதுக் கொடிகள் இன்னும் கைக்கு வரவில்லை. கொடியில்லாமல் போகக் கூடாது என்று மேயர் வழியில் இருந்த தோட்டத்து பாக்ஸ்வுட் செடிகளின் பச்சைக் கொப்புகளை ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொள்ளச் சொன்னார். சுமார் 1,200 பேர் பச்சைக் கொப்போடு ஏறினார்கள். 545 பேர் விழுந்தார்கள். சுவரை யாரும் தொடவில்லை. சுவருக்குப் பின்னால் நின்று சுட்ட ஜார்ஜியாக்காரர்களிலும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் இருந்தார்கள், எதிரே வருகிறவன் தொப்பியில் இருக்கிற பச்சை எதற்கு என்று தெரிந்தவர்கள்.

அன்றைக்குக் கைக்கு வராத புதுக் கொடிகளில் 69வதினுடையதை, நூறு வருடம் கழித்து 1963 ஜூனில் ஜனாதிபதி கென்னடி டப்ளினுக்கு எடுத்துப் போய் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார். பஞ்சத்துக்குப் பயந்து ஓடிய குடும்பத்தின் கொள்ளுப்பேரன் அவர். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வெட்டவெளி இப்போது இல்லை. வீடுகள், குழந்தைகளின் சைக்கிள், அஞ்சல் பெட்டிகள். மேட்டின் மேலே ராணுவக் கல்லறைத் தோட்டம். அந்த ஊரைச் சுற்றி நடந்த சண்டைகளில் செத்த 15,000 பேருக்கு மேல் அங்கே. பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. பெயர் தெரியாதவர்களுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னச் சதுரக் கல், அதில் இரண்டு எண்கள் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக. அன்றைக்கு வேறு யாரும் இல்லை. புல் புதிதாக வெட்டிய வாசனை.

அம்மா ஒரு கல்லுக்கு முன்னால் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். மேல் எண் நாலு இலக்கம், கீழே 6.

"இது என்ன கணக்கு?"

"மேல இருக்கிறது குழி நம்பரும்மா."

"கீழ ஆறுன்னு போட்ருக்கே. ஆறாவது ஆளா?"

"இல்ல. அந்தக் குழிக்குள்ள ஆறு பேரு."

அம்மா தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புல்லை விட்டு நகர்ந்து பாதை ஓரமாகப் போய் நின்றாள்.